நாலு மணி நேரம் தாங்குமா

சான்டா இஃபிஜேனியா தெரு, மாடி,
சார்ஜர் கடைக்கும் பூட்டுக் கடைக்கும் நடுவே
ஒரு மேசை, ஒரு கண்ணாடிப் பெட்டி, நான்.
சாவோ பாவ்லோவில் இதைவிடச் சின்னக் கடை
இருந்தால் காட்டுங்கள், காபி வாங்கித் தருகிறேன்.

உள்ளங்கையில் அடங்கும் விளையாட்டுக் கருவிகள் விற்கிறேன்.
பழைய கள், புதிய மொந்தை.
தொண்ணூறுகளில் டிவி முன்னால் குந்தியவர்களுக்கு
இப்போது முதுகு வலிக்கிறது.
பேருந்தில் நின்றபடி
அதே ராட்சதனிடம் தோற்க வருகிறார்கள்.

பெட்டியில் போட்டிருக்கும், பத்தாயிரம் ஆட்டம் என்று.
மழை பெய்த ஒரு செவ்வாய்க்கிழமை எண்ணிப் பார்த்தேன்.
அறுநூற்றுச் சொச்சம்.
மிச்சமெல்லாம் அதே ஆட்டம், வேறு சட்டை.
கேட்டால் சொல்வேன். கேட்காதவரிடம் சொல்வதில்லை,
எனக்கும் வாடகை இருக்கிறது.

வருகிறவர்கள் சிப்பைக் கேட்பார்கள்,
முப்பரிமாண ஆட்டம் திணறாமல் ஓடுமா என்பார்கள்.
இருநூறு ரெயாலுக்கு ஓடாது, ஐயா.
காசுக்கேற்ற பணியாரம்.

ஜுசாரா இதில் எதையும் கேட்கவில்லை.
ஐம்பது வயதிருக்கும், தபால்காரி மஞ்சள் சட்டை.
"நாலு மணி நேரம் தாங்குமா?"
ஆறு என்று போட்டிருக்கிறது, நாலரை நிச்சயம் என்றேன்.
"ஒரு கையால் ஆடலாமா?"
எந்தக் கை?
"வலது மட்டும்."

பதினொரு ஆண்டில் யாரும் கேட்காதது.
திசைப் பொத்தான் எல்லாவற்றிலும் இடப்பக்கம்.
அகலமானவற்றை ஒதுக்கினேன்.
நெட்டுக்குத்தாக ஒன்று, சோப்புக்கட்டி அளவு,
வலக் கட்டைவிரல் குறுக்கே நீண்டால் எட்டும்.

இடக்கையை மேசைமேல் மல்லாக்க வைத்தாள்,
முழுக்கைச் சட்டையோடு, அசையாமல்,
யாரோ அதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லிப்
போனதுபோல்.
வலக்கையால் ஆடிப் பார்த்தாள்.
விழுகிற கட்டை, திரும்புகிற கட்டை,
நிரம்பியதும் மறைகிற வரிசை.

"டிக் டிக் என்கிறதே. பக்கத்தில் தூங்குவார்கள்."

ரப்பர் பொத்தான் வைத்ததை எடுத்தேன்.
பச்சை. யாரும் வாங்காத பச்சை.
இருநூற்று எழுபது. நாற்பதுக்குக் கேட்டாள்.
ஐம்பதில் நின்றோம்.

பணம் எண்ணும்போது சட்டைக் கை விலகியது.
முழங்கைக்குக் கீழே, தோலுக்கடியில்,
புடைத்த கயிறுபோல் ஒரு நரம்பு,
அதன்மேல் இரண்டு சின்ன பிளாஸ்திரி.
என் மைத்துனனுக்கும் இருந்தது.
வாரத்தில் மூன்று நாள், ஒரு நாற்காலி,
ரத்தம் வெளியே போய், இயந்திரத்தைச் சுற்றிவிட்டு
வீடு திரும்பும்.
நாலு மணி நேரம்.

ஒன்றும் கேட்கவில்லை.
மெமரி கார்டை மட்டும் நல்லதாக மாற்றிப் போட்டேன்.
கூட வருவது ரெண்டு மாதத்தில் செத்துவிடும்,
இது எங்கள் கடை வழக்கு.
அன்று, கெட்டுப்போகும் என்றேன்.

ஐந்து வாரம் கழித்துப் பச்சையோடு வந்தாள்.
திருப்பிக் கொடுக்கத்தான் என்று
ரசீதுப் புத்தகத்தை மெல்ல இழுப்பறைக்குள் தள்ளினேன்.

"இது நன்றாகத்தான் இருக்கிறது.
அடுத்த நாற்காலி ஓடாயிருக்குத்தான் பிரச்சினை.
பேருந்து ஓட்டியவர். இப்போது என் ஆட்டத்தை ஓட்டுகிறார்.
இடது, இடது என்கிறார்,
கட்டை விழுந்து முடிந்த பிறகு.
அங்கிருந்து பார்த்தால் திரை கறுத்துவிடுகிறதாம்.
எங்கே போச்சு, எங்கே போச்சு என்று ஒரே நச்சரிப்பு.
பக்கத்திலிருந்து தெரிகிற திரை எது?"

அவருக்கே ஒன்று வாங்கலாமே என்றேன், வியாபாரி புத்தி.
"ஆடமாட்டார். பார்க்கத்தான் பிடிக்குமாம்."

கடையிலிருந்த அத்தனையையும் முடுக்கினேன்.
மேசையைச் சுற்றி வந்து
அவளுக்கு வலப்பக்கம்
அடுத்த நாற்காலியின் தூரத்தில் குந்தினேன்.
நேருக்கு நேர் மட்டுமே நான் பார்த்து விற்ற திரைகள்
ஒவ்வொன்றாகக் கறுத்தன.
ஒன்று நீலம் பாரித்தது.
ஏழாவதில், முப்பது ரெயால் கூடுதல்,
சிவப்புக் கட்டை சிவப்பாகவே இறங்கியது.

இடது, என்றேன்.

"தெரியும்," என்றாள்.